பாத்திரக் கடைக்கு 25 வயது: ஊருக்கு என்ன செய்தோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் பாத்திரக் கடை இருக்கிறது. 1999 ஆவணியில் திறந்தது. 2024-ல் 25 ஆண்டு நிறைந்தபோது, விழாவுக்கும் விளம்பரத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணத்தை ஒரு குழந்தைகள் இல்லத்துக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் ஓர் அரசுப் பள்ளிக்கும் செலவழித்தோம். அன்றிலிருந்து பக்கத்துக் கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், சொந்தக்காரர்கள் என்று யாராவது ஒருவர் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். உங்கள் கடைக்கும் பத்தோ இருபதோ ஐம்பதோ வரப்போகிறது என்றால் உதவும்.

ஆண்டு விழா என்றால் தள்ளுபடி போடுவார்கள். நீங்கள் ஏன் போடவில்லை?

எங்களுக்கு ஆண்டு நிறைவு வருவது ஆவணியில். ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்கும் மாதம். சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். ஆடித் தள்ளுபடி என்று ஒன்று அப்போதுதான் முடிந்திருக்கும். உடனே இன்னொன்று போட்டால் முந்தையது பொய் என்று ஆகிவிடும். இது தர்ம சிந்தனையில் பிறந்த முடிவு என்று நினைக்க வேண்டாம். பாதி வியாபாரக் கணக்குதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் பத்தாம் ஆண்டு.

பத்தாம் ஆண்டில் அன்னதானம் செய்தீர்களே, அதையே இன்னும் பெரிதாகச் செய்திருக்கலாமே?

செய்தோம், அதை ஏன் கேட்கிறீர்கள்! 2009-ல் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வடை பாயசத்தோடு மதியச் சாப்பாடு கொண்டுபோய் இறக்கினோம். முன்கூட்டிப் பேசியிருந்தோம், அவர்களும் சரி என்றுதான் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அன்றைக்கு வேறொரு வீட்டுப் பிறந்தநாள் சாப்பாடும் வந்திருக்கிறது. யாரையும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனமில்லை. சொன்னால் அடுத்த முறை வர மாட்டார்கள் என்ற பயம். குழந்தைகள் இரண்டு பாயசம் குடித்தார்கள். எங்கள் சாம்பார் அண்டாவில் பாதி அப்படியே நின்றது. நாங்கள் ஃபிளெக்ஸ் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வாசலில் சமையல்கார அம்மா என்னிடம் சொன்னது இது: "நாளைக்கு யாரும் வரலைண்ணே. நாளைக்குக் கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

இல்லங்களோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். தீபாவளி, பொங்கல், ஆங்கிலப் புத்தாண்டு, தலைவர்கள் பிறந்தநாள் என்றால் சாப்பாடு குவியும். ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. நம் கொண்டாட்ட நாள் நமக்குத்தான் முக்கியம். அவர்களுக்கு அது மாதத்தில் இன்னொரு நாள்.

அப்படியானால் என்னதான் தேவை? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கேட்டோம். ஆனால் கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "நீங்க எது செஞ்சாலும் சந்தோஷம்" என்ற பதில்தான் வரும். பத்துத் தடவை கேட்டாலும் அதே பதில்.

அதனால் ஒரு மத்தியான நேரத்தில் கையில் எதுவும் இல்லாமல் குழந்தைகள் இல்லத்துக்குப் போய், சமையற்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாத்திரக் கடைக்காரன் பாத்திரத்தைப் பார்க்கக் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே போன பிறகு பேச்சு தானாக வந்தது. இரண்டு பெரிய அண்டாக்களுக்குக் கைப்பிடி போயிருந்தது. கொதிக்கும் சாம்பாரைத் துணி சுற்றி இரண்டு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இட்லிக் கொப்பரையின் மூடி நசுங்கி ஆவி போயிற்று. கிரைண்டர் ஓடவில்லை. தட்டுகள் கணக்குக்கு மேல் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, ஒவ்வொருவர் கொடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் பெரிய தட்டு யாருக்கு என்று தினமும் சண்டை என்றார்கள்.

முதியோர் இல்லத்தில் கதையே வேறு. அங்கே பாத்திரம் ஒரு பிரச்சினையே இல்லை. பெரியவர்களுக்கான டயப்பர், இரவு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளம், மின்சாரக் கட்டணம், மோட்டார் ரிப்பேர். இவற்றுக்கு யாரும் நன்கொடை தருவதில்லை, ஏனென்றால் இவற்றைப் படம் எடுக்க முடியாது. எங்கள் பட்டியலில் பெரிய தொகை போனது அந்த இரவுப் பணிப் பெண்ணின் ஒரு வருடச் சம்பளத்துக்குத்தான். வீட்டில் சொன்னபோது, "இதுல என்னங்க தர்மம் இருக்கு, சம்பளம்தானே" என்று கேட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும் என்று விளக்க வேண்டியிருந்தது.

குழந்தைகள் இல்லத்துக்குப் புது அண்டா வாங்கித் தரவில்லை. பழைய அண்டாவை வாங்கி வந்து, நல்ல கனமான கைப்பிடி வைத்துப் பற்ற வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். கிரைண்டருக்கு மோட்டார் மாற்றினோம். ஒரே அளவில், ஒரே கனத்தில், ஒரே விளிம்பு வைத்த தட்டுகள் கொடுத்தோம். தலைக்கு ஒன்று என்று எண்ணாமல், தொலைந்தாலும் அதே மாதிரி கிடைக்கும்படி கொஞ்சம் கூடுதலாக. செலவு நாங்கள் நினைத்ததில் பாதிகூட ஆகவில்லை.

தட்டில் கடைப் பெயர் வெட்டினீர்களா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. கோயிலுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கில் தாத்தா முதல் பேரன் வரை ஆறு பெயர் வெட்டச் சொல்வார்கள். விளக்கில் இடம் போதாது. டியூப்லைட்டில் "உபயம்" எழுதி வெளிச்சத்தை மறைப்பதைக் கிண்டல் செய்கிறோம், ஆனால் எங்கள் கல்லாவுக்கு வருமானமே அந்த ஆசையில்தான் வருகிறது. அதனால் நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை.

எங்கள் வேலைக்காரத் தம்பி வழக்கப்படி "25ஆம் ஆண்டு நினைவாக" என்று கடைப் பெயரோடு முதல் தட்டில் வெட்டியும்விட்டான். இல்லத்தின் வார்டன் அம்மா அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தினமும் மூணு வேளை இதுலதான் சாப்பிடப் போறாங்க. மூணு வேளையும் யார் குடுத்ததுன்னு படிச்சுக்கிட்டே சாப்பிடணுமா?"

மீதித் தட்டுகளில் இல்லத்தின் பெயரைச் சுருக்கி இரண்டு எழுத்தும், தட்டின் அடியில் ஒரு எண்ணும் வெட்டினோம். அது தொலையாமல் இருக்க. முதல் தட்டு இப்போது கடையில் திருநீறு வைக்கப் பயன்படுகிறது.

எவ்வளவு ஒதுக்குவது? அதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

சட்டக் கணக்கு எதுவும் கிடையாது. பழக்கக் கணக்கு உண்டு, அதற்குப் பெயர் மகமை. தென்மாவட்ட வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விற்கும் மூட்டைக்கு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு எடுத்து வைப்பது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான்.

மகமையில் எனக்குப் பிடித்த விஷயம், அது லாபத்தில் எடுப்பது இல்லை, விற்பனையில் எடுப்பது. லாபம் எவ்வளவு என்று வருடக் கடைசியில்தான் தெரியும், அப்போது கை சுருங்கும். விற்கும்போதே எடுத்து வைத்தால் அது நம் பணம் என்ற எண்ணமே வராது. நாங்கள் 24ஆம் ஆண்டு தொடங்கியபோது, பெயர் வெட்டும் கூலியில் வருவதைத் தனி டப்பாவில் போட ஆரம்பித்தோம். அடுத்த ஆவணிக்குள் கௌரவமான ஒரு தொகை சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் உபயத்துக்குக் கொடுத்த கூலி, வேறொரு உபயமாகப் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடன் வாங்கித் தர்மம் செய்ய வேண்டாம். மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்துவிட்டுச் செய்வதும் கடன்தான்.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்வியை வெளியாட்கள் யாரும் கேட்கவில்லை. எங்களிடம் 18 வருடமாக இருக்கும் அக்கா ஒருவர்தான் கேட்டார், அதுவும் சுற்றி வளைத்து: "இல்லத்துக்கு நாற்காலி குடுக்கப் போறீங்களாமே அண்ணாச்சி?"

புரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றார்கள். எங்கள் கடையில் இரண்டு ஸ்டூல் இருந்தது, இரண்டிலும் சரக்கு அடுக்கியிருந்தது. ஆண்டு நிறைவுக்கு வாங்கிய முதல் பொருள் நான்கு நாற்காலி, எங்கள் கடைக்கே. அப்புறம் தீபாவளி போனஸில் கை வைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொன்னோம். ஆட்களின் போனஸைக் குறைத்து வெளியே கொடுத்தால், கொடுத்தது அவர்கள்தானே தவிர முதலாளி இல்லை.

ஓர் இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காகிதம் பார்க்க வேண்டும். கூச்சப்படாதீர்கள்; ஒழுங்காக நடத்துகிறவர்கள் காட்டத் தயங்குவதில்லை. குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் கீழ் பதிவு இருக்க வேண்டும். பதிவில்லாமல் குழந்தைகளைத் தங்கவைப்பதே குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் பதிவு உண்டா என்று சொல்வார்கள். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள் இருக்கின்றனவா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்கலாம். இப்போது இந்தப் பதிவுகள் நிரந்தரம் கிடையாது, புதுப்பிக்க வேண்டும். பழைய சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பதை நம்பிவிடாதீர்கள்.

காகிதத்துக்கு அப்பால் நான் பார்ப்பது சமையற்கட்டும் கழிப்பறையும்தான். சொல்லாமல் போகும் இரண்டாவது தடவையில் அவை எப்படி இருக்கின்றன என்பது நிறையச் சொல்லும். ஒரு இடத்தில் வரவேற்பறையில் கிரானைட், சமையற்கட்டில் கரி. அங்கே நாங்கள் திரும்பப் போகவில்லை.

பணம் கொடுத்தால் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு மட்டும். நிர்வாகியின் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வருமான வரியில் கழிக்க முடியுமா?

முடியும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. 80ஜி பதிவுள்ள பெரும்பாலான உள்ளூர் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால், கொடுத்ததில் 50 சதவீதத்தைத்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதற்கும் உச்சவரம்பு உண்டு: சில கழிவுகள் போக மிஞ்சும் மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடை கணக்கில் வராது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை. அரிசி, பாத்திரம், துணி என்று பொருளாகக் கொடுத்தால் சலுகையே இல்லை.

நம்மில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கடை உங்கள் ஒருவர் பெயரில் இருந்து, நீங்கள் புதிய வரி முறையில் கணக்குக் காட்டினால் 80ஜி சலுகை கிடைக்காது. பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் அந்த நிறுவனத்தின் கணக்கில் கழிக்கலாம், ஏனென்றால் தனிநபர்களுக்கான புதிய முறை அதற்குப் பொருந்தாது. அறக்கட்டளையிடம் வெறும் ரசீது வாங்கினால் போதாது. 10பிஇ படிவச் சான்றிதழ் வேண்டும். நிதியாண்டு முடிந்த பிறகு மே 31-க்குள் அவர்கள் அதைத் தர வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன; ஆடிட்டர் வேறு எண் சொன்னால் பயப்பட வேண்டாம்.

எங்களுக்கு எவ்வளவு மிச்சமானது என்று கேட்டால், இரவுப் பணிப் பெண்ணின் சம்பளத்துக்காக வங்கி வழியாகக் கொடுத்ததற்கு மட்டும் கிடைத்தது. தட்டுக்கும் கைப்பிடிக்கும் ஒன்றுமில்லை.

கடைச் சரக்கையே எடுத்துக் கொடுத்தால் ஜிஎஸ்டி சிக்கல் வருமா?

வரும், ஆனால் சிறியது. அந்தச் சரக்கை வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பீர்கள். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு அந்த வரவு கிடையாது, சட்டத்தில் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு முதலிலேயே வரவு இல்லை என்பதால் இந்தத் தலைவலி இல்லை. எதுவானாலும் சரக்குப் பதிவேட்டில் "நன்கொடை" என்று எழுதி வையுங்கள். பின்னால் இருப்புக் கணக்கில் நூறு தட்டு குறைந்தால் யார் தலையில் விழும்? கடைப் பையன் தலையில்தான்.

சிஎஸ்ஆர் என்கிறார்களே, அது நமக்கும் கட்டாயமா?

இல்லை. லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் அந்தக் கட்டாயம் கம்பெனிகளுக்கு, அதிலும் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்பதில் ஏதாவது ஒன்றை எட்டியவற்றுக்கு. நம் சந்தில் அப்படி யாரும் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் தானும் பணம் போடுகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தப் பணத்தைக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அங்கிருந்து கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். சின்ன இல்லம் ஒன்றை அந்த மாதிரி வம்பில் மாட்டிவிடக் கூடாது.

வாடிக்கையாளர்களிடம் உண்டியல் வைத்துச் சேர்க்கலாமா?

நாங்கள் வைக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உண்டியல் இருந்தால் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போகிறவர் அதைப் பார்த்துச் சங்கடப்படுவார். போட்டால் ஒரு கணக்கு, போடாவிட்டால் ஒரு பார்வை. அதைவிட, அடுத்தவர் பணம் நம் கைக்கு வந்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். அறக்கட்டளையின் சொந்த க்யூஆர் அட்டையை ஒட்டி வைத்தோம். விருப்பமிருப்பவர்கள் நேராக அங்கேயே அனுப்பலாம், நம் கையில் பணம் படாது.

"ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு தர்மத்துக்கு" என்று பலகை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எவ்வளவு பங்கு, எங்கே, எந்தத் தேதி வரை என்று அதே பலகையில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் வைக்க வேண்டாம்.

குழந்தைகளோடு படம் எடுத்துப் போடலாமா?

கூடாது. சட்டப்படியே கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாலும் வெளியிட்டதுதான்.

2009-ல் எடுத்த படங்கள் கடைச் சுவரில் பல வருடம் தொங்கின. அதில் பாயச டம்ளரோடு நிற்கும் ஒரு பையன் வளர்ந்து ஒருநாள் எங்கள் கடைக்கே டிபன் கேரியர் வாங்க வந்துவிட்டால் என்ன செய்வது என்று என் மகள் கேட்டாள். அன்று மாலையே கழற்றினோம்.

அரசுப் பள்ளிக்கு எப்படிக் கொடுத்தீர்கள்?

மூன்று வழி இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் நேராகப் பேசுவது ஒன்று. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இரண்டாவது. பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு அது வசதி. மூன்றாவது கல்விச்சீர். கல்யாணச் சீர் போலத் தாம்பாளத்தில் வைத்து, மேளம் அடித்து, தெருவே திரண்டு பீரோ, பெஞ்ச், மின்விசிறி, குடம், டம்ளர் என்று பள்ளிக்குத் தூக்கிப் போவார்கள். எங்களிடமே அதற்கென்று சாமான் வாங்க வருவார்கள், நாங்களும் விலையில் கொஞ்சம் இறங்குவோம். ஆரவாரம் எனக்குப் பொதுவாக ஆகாது, ஆனால் கல்விச்சீரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அதில் தனியாள் பெயர் இல்லை, தெருவே கொடுக்கிறது. பிள்ளைகளும் இரந்து வாங்கியதாக நினைப்பதில்லை, தாய்மாமன் வீட்டுச் சீர் போலப் பெருமையாகப் பார்க்கிறார்கள்.

சாப்பாடு கொடுக்கலாம் என்று போகாதீர்கள். மதிய உணவு பல காலமாக இருக்கிறது. காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15-ல் இதே மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்துவிட்டது. நாங்கள் போன பள்ளியில் கேட்டது கை கழுவும் இடத்துக்கு வரிசையாகக் குழாயும், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும். தாழ்ப்பாள் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அதை யாரும் வாங்கித் தரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இதெல்லாம் சின்னது என்று தோன்றினால் யா.கொடிக்குளம் ஆயி அம்மாளை நினைத்துக்கொள்வேன். பூரணம் என்றும் பெயர். வங்கியில் வேலை பார்ப்பவர். அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்தக் கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை, இறந்துபோன மகளின் நினைவாக எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு நாளில் முதலமைச்சரின் சிறப்பு விருது தந்தார்கள். மதுரைக்காரர்களாகிய நாங்கள் அதற்கப்புறம் தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசவே கூச்சப்படுகிறோம்.

ரத்த தான முகாம், கண் முகாம் நடத்தலாமா? செலவு அதிகமா?

பணத்தைவிட அலைச்சல்தான் அதிகம். ரத்த தானத்தை உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் நடத்த முடியும். அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் பேசினால் அவர்களே ஆளோடு வருவார்கள். நீங்கள் இடம், மின்விசிறி, குடிக்க ஏதாவது, கொடுக்க ஆள் ஆகியவற்றுக்குப் பொறுப்பு. 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நாள் பார்த்து வையுங்கள். கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் தட்டுப்பாடு வரும். அப்போது முகாம் நடத்த ஆள் தேடுவார்கள்.

கண் முகாமுக்கு மதுரையில் வழி சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டே வளர்ந்தது. உள்ளூர்க்காரர் யாராவது இடமும் விளம்பரமும் பார்த்துக்கொள்வார்கள், மருத்துவர் குழு அவர்களுடையது. புரை இருப்பவர்களை அறுவைக்கு அழைத்துப் போவார்கள், கண்ணாடி மட்டும் தேவைப்படுகிறவர்களுக்குக் கண்ணாடி. நாங்கள் இன்னும் இதைச் செய்யவில்லை. எங்கள் வேலைக்காரர்களில் பெயர் வெட்டும் பெரியவருக்கே கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது, முதலில் அதை முடித்தோம்.

ஆண்டு நிறைவு நாளிலேயே கொடுத்தீர்களா?

கல்லாவுக்குச் சூடம் காட்டியதோடு அந்த நாள் முடிந்தது. பள்ளி வேலையை ஜூன் திறப்பதற்கு முன்பே முடித்திருந்தோம். ஆவணி வரை காத்திருந்தால் பிள்ளைகள் மூன்று மாதம் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்திருப்பார்கள். இரவுப் பணிச் சம்பளம் மாதாமாதம் போயிற்று. தட்டுகள் மட்டும்தான் ஆவணியில் போய்ச் சேர்ந்தன, அதுவும் பெயர் வெட்டும் வேலை தாமதமானதால்.

இதனால் வியாபாரம் கூடியதா?

நேராகக் கேட்டதற்கு நன்றி. பலரும் சுற்றி வளைப்பார்கள். கூடியது என்று சொல்ல என்னிடம் கணக்கில்லை. அதே இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், அதே தட்டு வேண்டும் என்று தன் பங்குக்கு இரண்டு டஜன் வாங்கிப் போனார். அடக்க விலைக்குக் கொடுத்தோம். இன்னொருவர் நூறு தட்டு வாங்கி, அப்பா பெயரை விளிம்பில் பெரிதாக வெட்டச் சொன்னார். வார்டன் அம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், நீங்க வெட்டுங்க" என்றார். வெட்டிக் கொடுத்தோம்.

25 முடிந்துவிட்டது. இப்போதும் தொடர்கிறதா?

இரவுப் பணிப் பெண்ணின் சம்பளத்தை ஒரு வருடம் என்று சொல்லித்தான் தொடங்கினோம். வருடம் முடிந்ததும் நிறுத்த மனம் வரவில்லை, மொத்தமும் எங்களால் முடியவும் இல்லை. இப்போது சந்தில் நான்கு கடை சேர்ந்து மாதம் கால் பங்கு போடுகிறோம். துணிக்கடைக்காரர் ஒன்றாம் தேதி சரியாக அனுப்பிவிடுவார். நான்தான் சில மாதம் ஐந்தாம் தேதி வரை இழுப்பேன். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் கல்லா அப்படித்தான் இருக்கும்.